திங்கட்கிழமைக் காய்ச்சல்

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் நாட்டுப் பழமொழி. தன் குறையை மறைக்கப் பிறவற்றின்மேல் பழி போடுவோரை இடித்துரைக்க எழுந்தது அது. நல்ல மொழிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் எங்களுக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. அந்தக் கூடத்தை யாராவது ஒருமுறையேனும் அளந்து பார்த்தார்களா? அவள் கால் இடறியதும் கூடியிருந்தோர் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்களேயன்றி, நூல் பிடித்துத் தரையைப் பார்த்தவர் எவர்? கூடம் மெய்யாகவே கோணலாய் இருந்திருந்தால், பாவம், அவள் கதி என்ன? எங்கள் தொழில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் முழுவதும் இந்த ஐயத்தில் அடங்கியிருக்கிறது எனலாம்.

இப்பள்ளியில் பயின்று சென்ற நாங்கள் இருவரும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். உச்சிப்புளிக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சிறு அறையில் கணிப்பொறி பழுதுபார்க்கும் தொழில் செய்து வருகிறோம். மடிக்கணினியும் கைப்பேசியும் பெருகிவிட்ட இந்நாளிலும், அலுவலக மேசையை ஆள்வது பெட்டிக் கணிப்பொறிதான். ஆகவே எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. தோளில் ஒரு பை. பைக்குள் திருப்புளி, மல்டிமீட்டர், மெல்லிய தூரிகை, தூசு ஊதும் புளோயர், டார்ச் விளக்கு, ஒரு நோட்டுப் புத்தகம். இவையே எங்கள் படைக்கலங்கள். அலுவலக வாயிலில் போய் நின்றால், "மெக்கானிக் பின்னாடி வர்றாராம்மா?" என்று கேட்போர் இன்றும் உண்டு. "நாங்கதான் சார் மெக்கானிக்" என்றதும் ஒரு கணம் திகைப்பார்கள். பெட்டியைத் திறந்து வேலையில் இறங்கியதும் அந்தத் திகைப்பு நீங்கிவிடும்.

ஒருமுறை வந்து போகும் பழுது பெரிதன்று. கெட்டுப்போன பாகத்தை மாற்றினால் தீர்ந்தது. திரும்பத் திரும்ப வரும் பழுதே பொல்லாதது. அதற்கு ஒரு தீய குணம் உண்டு: இயந்திரத்தை விட்டு இறங்கி, மனிதர் மேல் ஏறிக்கொள்ளும். முதல்முறை கெட்டால், 'மெஷின் சரியில்லை' என்பார்கள். இரண்டாம் முறை, 'ரிப்பேர் பார்த்தவன் சரியில்லை' என்பார்கள். மூன்றாம் முறையோ, 'உட்கார்ந்திருக்கிற பிள்ளை சரியில்லை' என்று முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் குறைந்த சம்பளத்தில், தற்காலிகமாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணாகவே இருப்பார். எதிர்த்துப் பேச முடியாதவர் மேல் பழி எளிதில் ஒட்டிக்கொள்ளும் அன்றோ!

எங்கள் ஊரை அறியாதவர்க்கு இங்கே ஒரு சொல். இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் வழியில், நிலம் ஒரு நாக்கைப்போல் ஒடுங்கிக் கிழக்கே நீளும் பகுதியில் உள்ளது உச்சிப்புளி. வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் தென்றல் வீசினாலும் அது கடலைத் தொட்டுவிட்டுத்தான் எங்கள் சன்னலுக்கு வரும். வீட்டுச் சன்னல் கம்பி துருவேறுவதும், சைக்கிள் செயின் இறுகிப்போவதும், பித்தளைக் குத்துவிளக்கு துலக்கிய சில நாளிலேயே கறுப்பதும் எங்களுக்குப் பழகிப்போன காட்சிகள். 2009-ஆம் ஆண்டில் இங்குள்ள கடற்படை விமானத் தளம் 'ஐ.என்.எஸ். பருந்து' என்று பெயர் பெற்றது. கடலோரத்தில் பறக்கும் விமானங்களை நன்னீரால் கழுவி உப்பு நீக்குவது விமானத் தொழிலில் வழக்கம். விமானத்துக்குக் குளியல் உண்டு; மேசை மேல் கிடக்கும் கணிப்பொறிக்கு யார் தலை முழுக்காட்டுவது?

உப்புக்காற்று உலோகத்தைத் தின்னும் என்பது பாட்டிமார் அறிந்த உண்மை. அதை அளந்து பார்க்க நம் பக்கத்திலேயே ஓர் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 பொங்கல் நாளில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அதுவே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அரிமானம், அதாவது உலோகம் அரிக்கப்படுதல், அதன் தலையாய ஆய்வுப் பொருள்களுள் ஒன்று. அந்நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றுக்குக் காட்டி வைத்து, எத்தனை நாளில் எவ்வளவு தேய்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். உச்சிப்புளிக்கு அடுத்த மண்டபத்தில் நடந்த சோதனை அது. ஆயினும் எங்கள் அலுவலகங்களில் கணிப்பொறி கெட்டால் காற்றைச் சந்தேகிப்பவர் ஒருவரும் இல்லை!

இனி, நாங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். அலுவலகத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டா. மீனவக் குடும்பங்களின் விண்ணப்பங்களைக் கணிப்பொறியில் ஏற்றி அனுப்பும் இடம் அது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. மீன் இனம் பெருக வேண்டி விதித்த தடை அது. அந்த நாட்களுக்கு அரசு தரும் நிவாரணத் தொகையை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் பல. பட்டியல் ஒரு நாள் தாமதமானால் எத்தனை அடுப்புகள் காத்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அங்கே ஓர் அக்கா வேலை பார்த்தார். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பேருந்தில் வந்து போவார். அவர் மேசைக் கணிப்பொறிக்கு ஒரு விசித்திரமான நோய். காலையில் சுவிட்சைத் தட்டினால் உள்ளே மின்விசிறி சுழலும். திரையிலோ ஒன்றும் வராது. 'பீப், பீப்' என்று ஓர் அழுகை மட்டும் கேட்கும். மெக்கானிக் ஒருவர் வந்து, ராம் என்னும் நினைவகத் தகட்டை உருவி, அழிரப்பரால் தேய்த்து, மீண்டும் செருகுவார். உயிர் வந்துவிடும். பத்து நாள் கழித்து மறுபடி அதே கதை. மூன்று மாதத்தில் எட்டு முறை இப்படி நடந்தது. பழுதுபார்த்த சீட்டு ஒன்றில், 'தவறாகக் கையாண்டதால் ஏற்பட்ட கோளாறு' என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டார் மேலாளர். "இந்தப் பொண்ணு கை பட்டாலே அது படுத்துக்குது. இன்னொரு வாட்டி கெட்டுச்சுன்னா செலவைச் சம்பளத்துல பிடிச்சிருவேன், வேற ஆளையும் பாத்துக்குவேன்" என்றார். அந்த நிலையில்தான் எங்களை அழைத்தார்கள்.

நாங்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "என்னென்னைக்குக் கெட்டுச்சுன்னு ஞாபகம் இருக்காக்கா?" என்பதே. அவர் ஒன்றும் சொல்லாமல் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரை எடுத்து மேசையில் வைத்தார். கெட்ட நாளில் எல்லாம் வேலை முடித்து வீடு திரும்ப இருட்டிவிடும், பிள்ளை அழுதிருக்கும். அந்த நாட்களை அவர் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். தம் வருத்தத்துக்காக இட்ட வட்டங்கள் அவை. எங்களுக்கோ அவை சாட்சியாயின. எட்டு வட்டங்களில் ஆறு திங்கட்கிழமைகளில் விழுந்திருந்தன. ஒன்று பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள். மற்றொன்று, அடைமழையில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாதிருந்து, வந்த அன்று காலை.

தோழியரே, இதில் ஒரு செய்தி தெரிகிறதல்லவா? அந்த அக்கா செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லா நாளும் அதே கையால்தான் அதே சுவிட்சைத் தட்டினார். கைதான் காரணம் என்றால் நோய்க்குக் கிழமை ஏது? கணிப்பொறி கெட்டது அவர் தொட்ட நாளில் அன்று. எவரும் தொடாமல் கிடந்த நாட்களுக்கு மறுநாளில். சனிக்கிழமை பிற்பகல் அணைத்தால் திங்கள் காலைவரை இரண்டு இரவுகள் அது குளிர்ந்து கிடக்கிறது. அந்த இரண்டு இரவுகளில் உள்ளே ஏதோ நடக்கிறது. அது என்ன?

இதற்கு விடை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்தால் கல்லுப்பு நீர்த்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் தன்மையுடையது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரத்தை ஈர்த்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் பொல்லாதது. 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கும். கடற்காற்றில் மிதந்து வரும் உப்புத் துகள் கணிப்பொறியின் மின்விசிறி வழியே உள்ளே சென்று, தூசோடு தூசாகப் படிகிறது. இயந்திரம் ஓடும்போது உட்புறம் சூடாக இருப்பதால் அது உலர்ந்த பொடியாகவே கிடக்கும், தீங்கு செய்யாது. அணைத்துவிட்டால் பெட்டி குளிரும். இரவில் ஈரப்பதம் ஏறும். பொடி உப்புநீராகி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடாகப் பரவும். உப்புநீரில் மின்சாரம் பாயும் என்பதும், செம்பு அரிபடும் என்பதும் எட்டாம் வகுப்பு மாணவியும் அறிந்தவையே.

"ராம் தகட்டின் நுனியில் தங்கம் பூசியிருக்கிறதே; தங்கம் அரிக்குமா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. தங்கம் அரிக்காது. ஆனால் அந்தப் பூச்சு மிக மிக மெல்லியது. அதில் நுண்ணிய துளைகள் உண்டு. அடியில் இருப்பது நிக்கல். அதற்கும் அடியில் செம்பு. துளை வழியே உப்புநீர் இறங்கி அடியிலுள்ள உலோகத்தை அரிக்க, அந்தக் களிம்பு மேலே கசிந்து தங்கத்தை மூடிவிடுகிறது. மின்சாரம் செல்ல வழி அடைபடுகிறது. தகட்டை உருவிச் செருகும்போது அந்த உராய்விலேயே களிம்பு சற்று விலகும். அதனால் உயிர் வரும். மெக்கானிக் கையில் மந்திரம் ஏதுமில்லை. அழிரப்பரால் ஒவ்வொரு முறையும் அழுத்தித் தேய்த்தால் களிம்போடு தங்கமும் போய்விடும். அடுத்த முறை நோய் விரைவில் வரும். மருந்தே நோயை வளர்க்கும் கதை இது!

மின்கருவிகள் உள்ள அறையில் காற்று எவ்வளவு கொடியது என்று அளப்பதற்கு ஐ.எஸ்.ஏ. 71.04 என்னும் அளவுகோல் உண்டு. ஒரு செம்புத் தகட்டை அறையில் ஒரு மாதம் வைத்திருந்து எடுப்பார்கள். அதன்மேல் படிந்த களிம்பு 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் காற்று சாதுவானது; கூடக் கூட, மேலும் மூன்று படிகள். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் 10 கோடியில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் கனத்தை இரண்டாயிரம் பங்காக்கி அதில் ஒன்றை எடுத்தால் கிடைப்பதே அந்த 300 ஆங்ஸ்ட்ராம். கண்ணால் காண முடியாத அந்தக் கனத்துக்கு மேல் போனால் கணிப்பொறிக்குக் கவலை தொடங்கிவிடுகிறது.

காரணம் புரிந்தது. ஆனால் மேலாளருக்கு அதை வாயால் சொல்லி விளங்க வைக்க முடியுமா? "உப்பாவது காத்தாவது! பக்கத்து மேசை கம்ப்யூட்டர் மட்டும் ஏன் கெடலை?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நோயுற்ற கணிப்பொறி தெற்குச் சன்னல் ஓரத்தில் இருந்தது. மற்றது உட்சுவரை ஒட்டி இருந்தது. "இரண்டையும் இடம் மாத்தி வைப்போம் சார். ஒரு மாசம் பாருங்க. சன்னலோரத்து மெஷினை நீங்களே உங்க கையால போடுங்க. அக்கா தொடவே வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டோம். அவரும் ஒப்புக்கொண்டார். பழைய கணிப்பொறியின் செருகு வாய்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த தூரிகையால் துடைத்து, பூச்சுப் போன ராம் தகட்டை மாற்றி, உட்சுவர்ப் பக்கம் வைத்தோம். அதுவரை ஒரு நாளும் கெடாத கணிப்பொறியைச் சன்னலோரத்தில் வைத்தோம்.

மூன்றாவது திங்கட்கிழமை காலை எங்களுக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் மேலாளர். "ஏம்மா, நான் போட்டும் எந்திரிக்க மாட்டேங்குதே!" என்றார். உட்சுவரருகே அக்காவின் கணிப்பொறி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அன்று நாங்கள் அங்கே போனபோது அவர் பழைய சீட்டை எடுத்து, 'தவறாகக் கையாண்டதால்' என்ற வரியைத் தாமே பேனாவால் அடித்துவிட்டார். அக்காவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை; "மேசையை உள்ள தள்ளிப் போட்டுக்கம்மா" என்றார். அதுவே போதுமானதாயிருந்தது. அந்த ஆண்டு நிவாரணப் பட்டியல் உரிய நாளில் சென்றது. அக்கா இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

குறித்து வைக்கும் பழக்கம் எவ்வளவு பெரிது என்பதற்குக் கணிப்பொறியின் வரலாறே சான்று. 1946-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட 'எனியாக்' என்னும் மாபெரும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. இரண்டு நாளைக்கு ஒரு வால்வு என்ற கணக்கில் அவை பழுதாயின. எப்போது பழுதாகின்றன என்று கவனித்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள்: பெரும்பாலும் இயந்திரத்தை நிறுத்திக் குளிரவிடும்போதும், மீண்டும் இயக்கிச் சூடேற்றும்போதுமே! ஆகவே அதை அணைக்காமலே வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்த் திங்கட்கிழமைக் காய்ச்சலுக்கு அது தூரத்து உறவு அல்லவா? அந்த இயந்திரத்துக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். எந்த வால்வு கெட்டது என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர்கள் அதன் உள்ளறிவு பெற்றிருந்தார்கள். ஆயினும் அவர்கள் பெயர்களை உலகம் அறியப் பல்லாண்டுகள் சென்றன.

அடுத்த ஆண்டு, 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' கணிப்பொறி தவறியபோது, உள்ளே ஒரு ரிலேயில் விட்டிற்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டார்கள். அதை எடுத்து எறிந்துவிடவில்லை. நாளும் நேரமும் குறித்து, பூச்சியையே நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். அக்குழுவில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் அம்மையார் அந்தக் கதையைப் பின்னாளில் பலருக்கும் சொல்லிப் புகழ்பெறச் செய்தார். அந்த ஏடு இன்றும் வாஷிங்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. கணிப்பொறியின் பழுதை 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் கையும் களவுமாகப் பிடித்துச் சான்றோடு எழுதி வைத்தது அங்கேதான்.

எல்லாப் பழுதுக்கும் உப்பே காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் ஒரு பழியை இறக்கி இன்னொன்றின் மேல் ஏற்றியவர்களாவோம். ஒவ்வொரு தொடர் பழுதுக்கும் ஒரு முகவரி உண்டு. அதைத் தேட வேண்டும். சில அலுவலகங்களில், காலையில் கணிப்பொறியைப் போட்டால் நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். நாள் தவறாக இருந்தால், பாதுகாப்புச் சான்றிதழின் காலம் பொருந்தாமையால் அரசாங்க இணையதளங்கள் திறக்க மறுக்கும். 'இந்தப் பொண்ணு எதையோ அமுக்கிட்டா' என்பார்கள். உண்மையில் குற்றவாளி, மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவப் பேட்டரி. அதன் பெயர் சி.ஆர். 2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம்; பெயரிலேயே அளவு இருக்கிறது. மின் இணைப்பு இருக்கும்வரை இதற்கு வேலை மிகக் குறைவு. இடிக்குப் பயந்து மாலைதோறும் மெயின் சுவிட்சை அணைக்கும் எங்கள் பக்கத்து அலுவலகங்களில், கடிகாரத்தை இரவெல்லாம் ஓட்டும் சுமை இதன் தலையில் விழ, விரைவில் களைத்துவிடுகிறது. ஒருவேளைச் சாப்பாட்டின் விலைகூடப் பெறாத அந்தச் சின்னப் பொருளால் எத்தனை பேர் திட்டு வாங்கியிருக்கிறார்கள்!

இன்னொன்று, 'தொட்டால் சுரீர் என்கிறது' என்னும் குறை. கணிப்பொறியின் இரும்புப் பெட்டியில் விரல் பட்டால் கூச்சம் போன்ற மின்னுணர்ச்சி. அடிக்கடி கீபோர்டும் பிரிண்டரும் கெடுதல். காரணம், எர்த் சரியில்லாமை. எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிக்குள் உள்ள வடிகட்டி, எர்த் இல்லாதபோது பெட்டியை 230 வோல்ட்டில் பாதியளவுக்கு ஏற்றிவிடும். கசியும் மின்னோட்டம் சிறிதே ஆயினும், ஒரு கருவியோடு மற்றொன்றை இணைக்கும்போது மென்மையான பாகங்களை அது பதம் பார்த்துவிடும். எங்கள் மணற்பாங்கான நிலத்தில் கோடையில் எர்த் குழி வறண்டுபோகும். குழியில் உப்பும் அடுப்புக்கரியும் இட்டு, நீர் ஊற்றி வருவது பழைய முறை. பாருங்கள் வேடிக்கையை! பெட்டிக்குள் புகுந்து கெடுக்கும் அதே உப்பு, மண்ணுக்குள் இருந்தால் காக்கிறது. எந்தப் பொருளும் தன்னளவில் தீயதன்று. இருக்கும் இடமே அதை நல்லதும் தீயதுமாக்குகிறது.

சில வேளைகளில் பழுதின் வேர் நம் அலுவலகத்திலும் இராது, நம் நாட்டிலும் இராது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உலகெங்கும் கணிப்பொறிகள் ஒரே மாதிரி நோயுற்றன. மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர் என்னும் சிறு உருளைகள் தலை வீங்கி, வெடித்து, பழுப்பு நீர் கசிந்தன. உள்ளே ஊற்றியிருந்த மின்பகுநீர் தரமற்றிருந்ததே காரணம் என்று பின்னர் தெரிய வந்தது. பெரிய நிறுவனமாகிய டெல் 2005-ஆம் ஆண்டில் இத்தகைய கணிப்பொறிகளைச் சரிசெய்யவும் மாற்றித் தரவும் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. உண்மை வெளிப்படும் முன் எத்தனை ஊர்களில், எத்தனை மேசைகளில், 'நீ சரியாகப் பயன்படுத்தவில்லை' என்று யார் யார் ஏச்சுக் கேட்டார்களோ!

சரி, இவற்றைத் தடுக்க வழி என்ன? பெருஞ்செலவு ஒன்றுமில்லை. கணிப்பொறியைக் கடற்பக்கச் சன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும், கடற்காற்று வேண்டா. ஓடும் இயந்திரத்தைத் துணியால் மூடாதீர்கள். மூடினால் சூடு ஏறும். கெப்பாசிட்டர் போன்ற பாகங்களுக்கு, வெப்பம் 10 பாகை ஏறினால் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. மாதம் ஒருமுறை மின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தூசை ஊதி எடுங்கள். உப்பு தங்குவதற்குத் தூசே மெத்தை. குளிர்சாதன வசதி உள்ள இடமானால் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும். நீண்ட விடுமுறை வந்தால் இடையில் ஒருநாள் சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் எர்த்தைச் சோதியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணிப்பொறியின் அருகே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். நாள், கிழமை, நேரம், வானிலை, மின்சாரம் போய் வந்ததா, என்ன ஒலி கேட்டது, என்ன செய்ததும் சரியாயிற்று – இவ்வளவும் எழுதுங்கள். ஆயிரம் ரூபாய்ப் பாகம் செய்யாததை அந்தப் பத்து ரூபாய் நோட்டுச் செய்துவிடும்.

பாம்பன் பாலத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம், உப்புக்காற்றின் வாயிலேயே நின்றுகொண்டு, 2022 டிசம்பரில் ஓய்வு பெறும்வரை நூறாண்டுகளுக்கு மேல் இரயில்களைச் சுமந்தது. இரும்பு துருவேறும் என்பதற்காகத் தண்டவாளத்தில் வேலை பார்த்த தொழிலாளியை யாரும் குறை சொல்லவில்லை. துரு எங்கே ஏறுகிறது என்று ஓயாமல் பார்த்தார்கள், சுரண்டினார்கள், வண்ணம் பூசினார்கள், தேய்ந்த பாகத்தை மாற்றினார்கள். 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ, உப்புக்காற்றை முன்கூட்டியே எண்ணி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலோக்ஸேன் என்னும் சிறப்பு வண்ணப் பூச்சும் பயன்படுத்தினார்கள். கடலைத் திட்டிப் பயனில்லை. காவலாளியைத் திட்டியும் பயனில்லை. இடத்தை அறிந்து வாழ்வதே அறிவு.

அன்புத் தங்கையரே! உங்களில் பலர் நாளை அலுவலகங்களில் அமர்வீர்கள். சிலர் மேலாளர் நாற்காலியிலும் அமர்வீர்கள். கணிப்பொறியின் முன் அமரும் நாளில், உங்கள் மேல் ஒரு பழி விழுந்தால் அழுதுகொண்டு நில்லாதீர்கள். நாளையும் கிழமையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்தவள் சொல்லை எளிதில் தள்ளிவிட முடியாது. மேலாளர் நாற்காலியில் அமரும் நாளில், கெட்டது எதுவாயினும் பக்கத்தில் நிற்பவரை நோக்கி விரலை நீட்டுமுன், ஒருமுறை சன்னலையும், சுவரையும், காற்றையும் பாருங்கள். கூடம் கோணலாக இருப்பதும் உண்டு. அதை அளந்து பார்க்கும் நூல் ஒன்று எப்போதும் உங்கள் கையில் இருப்பதாக!